தனித்தனியே நல்ல பாகங்கள், சேராத பட்டியல்: ஒரு முதல் அசெம்பிளின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் கம்ப்யூட்டர் 2023 ஜூலையில் திருச்சியில் ஒரு வீட்டில் அசெம்பிள் ஆனது. அதன் சொந்தக்காரி என் அக்கா மகள், பி.ஆர்க். இரண்டாம் ஆண்டு மாணவி. அதுவரை ஒரு கம்ப்யூட்டரின் பக்கமூடியைக்கூடக் கழற்றிப் பார்த்ததில்லை. ஸ்கெட்ச்அப், ரெவிட், பிளெண்டர் என்ற 3டி மென்பொருள்கள் மூன்றிலும் வேலை. கையிலிருந்த லேப்டாப்பில் ரெண்டர் (மாடலைப் படமாக மாற்றும் வேலை) போட்டால் விடிய விடிய ஓடியது. வீட்டில் ஒதுக்கிய தொகை 75,000 ரூபாய். பல வீடியோக்களைப் பார்த்து, எந்தப் பாகத்தை எல்லோரும் பாராட்டுகிறார்களோ அதை எடுத்து ஒரு பட்டியல் போட்டு எனக்கு அனுப்பியிருந்தாள்.

பிராசசர் ரைசன் 5 5600. மதர்போர்டு பி450, மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவு. ரேம் டிடிஆர்5, 5200 வேகம், 16 ஜிபி ஒரே குச்சி. 1 டிபி ஜென் 4 என்விஎம்இ எஸ்எஸ்டி. ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு, மூன்று விசிறி வைத்தது, நீளம் 30 செ.மீ. பிராசசருக்கு 155 மி.மீ. உயர டவர் கூலர். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட ஒரு கேபினெட், அதோடு சேர்ந்தே வரும் '500 வாட்' எஸ்.எம்.பி.எஸ். (சுவர்க் கரண்டைப் பாகங்களுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி). மானிட்டர் வீட்டில் இருக்கும் பழைய 19 அங்குலம்.

எஸ்.எம்.பி.எஸ்ஸைத் தவிர இதில் மோசம் என்று ஒன்றையும் ஒதுக்க முடியாது. ஆனால் அப்படியே வாங்கி வந்திருந்தால் கம்ப்யூட்டருக்கு உயிர் வந்திருக்காது. சிக்கல் முழுவதும் ஒரு வரிக்கும் இன்னொரு வரிக்கும் நடுவில் இருந்தது. முதன்முதலில் அசெம்பிள் பண்ணுகிறவர்கள் போடும் பட்டியலில் இந்த இடைவெளிகளைத்தான் யாரும் பார்ப்பதில்லை. அதனால் ஒவ்வொன்றையும் எப்படிக் கண்டுபிடித்தோம், ஏன் மாற்றினோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வேலை, அப்புறம் கார்டு

பெரும்பாலோர் பிராசசரிலிருந்து தொடங்குவார்கள். நான் கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து தொடங்கச் சொன்னேன். இந்த மாதிரி கம்ப்யூட்டரில் அதுதான் அதிகக் கரண்ட் இழுப்பது, அதிக இடம் பிடிப்பது, அதிகப் பணம் கேட்பது. அதை முடிவு செய்துவிட்டால் எஸ்.எம்.பி.எஸ்., கேபினெட் இரண்டுக்கும் கணக்கு தானாக வந்துவிடும்.

ஆர்டிஎக்ஸ் 4060 அப்போதுதான், 2023 ஜூன் கடைசியில், வெளியாகியிருந்தது. "மாமா, 4060தானே புதுசு, கரண்டும் கம்மியா எடுக்குதாமே" என்று கேட்டாள். உண்மைதான். 4060க்கு 115 வாட், 3060க்கு 170 வாட். கேம் விளையாட மட்டும் என்றால் நானும் 4060ஐத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் 4060இல் இருப்பது 8 ஜிபி நினைவகம், 3060இல் 12 ஜிபி. பிளெண்டரில் ரெண்டர் போடும்போது காட்சியின் டெக்ஸ்சர், மாடல் எல்லாம் கார்டின் நினைவகத்துக்குள் போக வேண்டும். மரமும் செடியும் மர அலமாரியும் கண்ணாடியும் நிறைந்த ஒரு வீட்டு மாடல் 8 ஜிபியைச் சீக்கிரமே நிரப்பிவிடும். நிரம்பி வழிந்தால் ரெண்டர் பாதியில் நிற்கும், இல்லையென்றால் படுத்துவிடும். கட்டடக்கலை மாணவிக்கு வேகத்தைவிட அந்த 4 ஜிபி பெரிசு.

இன்னொரு காரணமும் உண்டு. கார்டும் போர்டும் தரவைப் பரிமாறிக்கொள்வது பிசிஐ எக்ஸ்பிரஸ் (பிசிஐஇ) என்ற பாதையில். 4060 கார்டு அதில் எட்டு லேனைத்தான் பயன்படுத்தும். 3060 பதினாறையும் பயன்படுத்தும். அவள் எழுதியிருந்த பி450 போர்டு இந்தப் பாதையின் பழைய தலைமுறையான பிசிஐஇ 3.0 வகை, கார்டு 4.0 வகை. எட்டு லேன் கார்டை 3.0 போர்டில் போட்டால், அதற்குக் கிடைத்திருக்க வேண்டிய போக்குவரத்து அகலம் பாதியாகிவிடும். கார்டு ஓடும், ஆனால் நினைவகம் நிரம்பும் நேரத்தில் இந்தப் பாதி தன் வேலையைக் காட்டும். ஒரு கார்டைத் தேர்ந்தெடுக்கும்போதே போர்டின் வகையும் கேள்விக்குள் வந்துவிடுகிறது, பாருங்கள்.

3060 என்று முடிவானதும் ஒரு எச்சரிக்கையைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். இதே பெயரில் 8 ஜிபி வகை ஒன்றும் 2022 கடைசியில் வந்தது. பெயரும் பெட்டியும் ஏறக்குறைய ஒன்றுதான். உள்ளே நினைவகப் பாதை 192 பிட்டுக்குப் பதில் 128 பிட். விலை குறைவாக இருக்கிறதே என்று எடுத்தால், எதற்காக 3060ஐத் தேர்ந்தெடுத்தோமோ அந்தக் காரணமே போய்விடும். பெட்டியில் 12 ஜிபி என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பணத்தை எடுக்க வேண்டும்.

மூன்று விசிறிக் கார்டையும் விட்டோம். 3060க்கு இரண்டு விசிறி தாராளம். 24 செ.மீ. நீளத்தில் வரும், எட்டு பின் மின் இணைப்பு ஒன்று போதும். மூன்றாவது விசிறிக்குக் கொடுக்கும் காசை எஸ்.எம்.பி.எஸ்ஸில் போடலாம் என்றேன், ஒத்துக்கொண்டாள்.

பிராசசர், போர்டு, ரேம்

பட்டியலின் பெரிய மோதல் இங்கேதான். ரைசன் 5600 உட்காரும் சாக்கெட் ஏஎம்4. அந்தச் சாக்கெட் வைத்த போர்டு எதுவாக இருந்தாலும் அது டிடிஆர்4 ரேமைத்தான் எடுக்கும். டிடிஆர்5 வேண்டுமென்றால் 2022 செப்டம்பரில் வந்த ஏஎம்5 சாக்கெட்டுக்கும் ரைசன் 7000 வரிசைக்கும் போக வேண்டும். ரேம் குச்சியைக் கையில் வைத்துப் பார்த்தால் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 தங்கக் கால்கள்தான். ஆனால் நடுவில் இருக்கும் வெட்டு இடம் மாறியிருக்கும். அதனால் தவறான ஸ்லாட்டில் இறங்காது. இறங்காததை அழுத்தி இறக்கப் பார்த்தால் ஸ்லாட்டுதான் உடையும். மின்னழுத்தமும் வேறு: டிடிஆர்4க்கு 1.2 வோல்ட், டிடிஆர்5க்கு 1.1. அதிலும் டிடிஆர்5இல் மின்சாரத்தைச் சீராக்கும் வேலை குச்சியிலேயே நடக்கிறது.

இங்கே மூன்று வழி இருந்தது. ஏஎம்5க்குப் போவது ஒன்று: புதிய சாக்கெட், பின்னால் பிராசசர் மாற்ற வழியுண்டு. ஆனால் அன்றைக்குப் போர்டும் ரேமும் சேர்ந்து பட்ஜெட்டைத் தின்றிருக்கும், 12 ஜிபி கார்டு கையை விட்டுப் போயிருக்கும். இன்டெல் ஐ5 12400எஃப் இரண்டாவது. அதுவும் ஆறு கோர்தான், நல்ல பிராசசர். அந்த எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் வேறு மாதிரி குழப்பம் வரும்: ஒரே சிப்செட்டில் (போர்டை நிர்வகிக்கும் சிப்) டிடிஆர்4 போர்டும் வரும், டிடிஆர்5 போர்டும் வரும். பெயரின் கடைசியில் ஒட்டியிருக்கும் டி4 என்ற இரண்டெழுத்தைக் கவனிக்காமல் வாங்கி, ரேம் சேராமல் திரும்பக் கடைக்கு அலைந்தவர்களை எனக்குத் தெரியும். மூன்றாவது, 5600ஐ வைத்துக்கொண்டு ரேமை டிடிஆர்4க்கு மாற்றுவது. பணக்கணக்கில் மூன்றாவதுதான் நின்றது. கார்டைக் காப்பாற்றிக்கொண்டு ரேமை 32 ஜிபி ஆக்கவும் அதுதான் இடம் கொடுத்தது.

ரேமை ஒரே குச்சியாக வாங்காமல் 16 ஜிபி இரண்டு, ஒரே பெட்டியில் வரும் ஜோடியாக, 3200 வேகத்தில் எடுத்தோம். இந்தப் பிராசசருக்கு நினைவகப் பாதை இரண்டு. ஒரு குச்சி போட்டால் ஒரு பாதை சும்மா கிடக்கும். டிடிஆர்4 3200இல் ஒரு பாதைக்கு நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டும் திறந்தால் 51.2. இப்போது ஒன்று, ஆறு மாதம் கழித்து இன்னொன்று என்று வேறு வேறு குச்சிகளைச் சேர்ப்பதும் சில சமயம் ஒத்துவராது. அப்போது இரண்டும் மெதுவான வேகத்துக்கு இறங்கி ஓடும், அல்லது நடுநடுவே நீலத்திரை காட்டும்.

சரி, போர்டுக்கு வருவோம். பி450 என்பது 2018இல் வந்த சிப்செட். 5600 வந்தது 2022 ஏப்ரலில். சாக்கெட் ஒன்றுதான், பிராசசர் கச்சிதமாக உட்காரும். ஆனால் போர்டு செய்யப்பட்ட காலத்தில் இந்தப் பிராசசரே கிடையாது. பயாஸைப் (போர்டைத் துவக்கும் உள்மென்பொருள்) புதுப்பிக்காத பழைய ஸ்டாக்காக இருந்தால், விசிறி சுற்றும், விளக்கு எரியும், டிஸ்ப்ளே வராது. புதுப்பிக்க வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் ஓட வேண்டும், ஓட வேண்டுமென்றால் புதுப்பித்திருக்க வேண்டும். பழைய ரைசன் ஒன்றைக் கடன் வாங்கிப் போட்டுப் புதுப்பிக்கலாம், அல்லது கடைக்காரரிடமே செய்து வாங்கலாம். சில போர்டுகளில் பிராசசரே இல்லாமல் பென்டிரைவிலிருந்து பயாஸ் ஏற்ற ஒரு பொத்தான் இருக்கும். எம்எஸ்ஐ, ஆசுஸ், ஜிகாபைட் மூன்றுமே இதை வேறு வேறு பெயரில் வைத்திருக்கின்றன. பென்டிரைவ் எஃப்ஏடி32 வடிவத்தில் இருக்க வேண்டும், ஃபைலின் பெயரை அந்த நிறுவனம் சொன்னபடி மாற்ற வேண்டும். முதல்முறை செய்பவர்கள் இந்தப் பொத்தான் உள்ள போர்டாகப் பார்த்து வாங்குவது நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

நாங்கள் பி550க்கு மாறினோம். இதிலும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க முடியாது. பி550 வந்தது 2020 ஜூனில், ரைசன் 5000 வரிசை அதே ஆண்டு நவம்பரில். முதல் ஸ்டாக் பி550கூட 5600ஐ அறியாது. ஒவ்வொரு போர்டு நிறுவனமும் தன் தளத்தில் அந்தப் போர்டுக்கான பிராசசர் பட்டியலை வைத்திருக்கும். அதில் பிராசசரின் பெயருக்கு எதிரே 'இந்தப் பயாஸ் பதிப்பு முதல்' என்று ஒரு எண் இருக்கும். அந்த எண்ணை எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போகச் சொன்னேன். புதிய போர்டு பழைய பிராசசரை எடுக்கும் என்ற நம்பிக்கையும் சரியில்லை: ஏஎம்4 பிராசசராகவே இருந்தாலும் ரைசன் 3 3200ஜி மாதிரி பழையவை பி550இன் பட்டியலில் கிடையாது.

5600இல் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இல்லை என்பதையும் சொல்லி வைத்தேன். போர்டின் பின்னால் எச்டிஎம்ஐ துளை இருக்கும், ஆனால் இந்தப் பிராசசரோடு அது செத்த துளை. கார்டு இல்லாமல் சில மாதம் ஓட்டுவதாக இருந்தால் 5600ஜி வாங்க வேண்டும். அதில் கிராஃபிக்ஸ் உண்டு. பதிலுக்கு எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் விரைவு நினைவகம்) 32 எம்பியிலிருந்து 16ஆகக் குறையும், பிசிஐஇ 3.0ஆக இறங்கும்.

கையேட்டின் சிறிய எழுத்து

எஸ்எஸ்டியில் பிரச்சினை லேசானது. ஜென் 4 (அதாவது பிசிஐஇ 4.0) எஸ்எஸ்டி பி450இல் ஓடும், ஆனால் ஜென் 3 வேகத்தில், நொடிக்குச் சுமார் 3,500 எம்பியோடு நின்றுவிடும். பி550இல் பிராசசரிலிருந்து நேராக வரும் எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) ஜென் 4 கொடுக்கும். இரண்டாவது எம்.2 ஸ்லாட் சிப்செட் வழியாக, ஜென் 3.

வீட்டில் சாட்டா என்ற கேபிளில் மாட்டும் பழைய ஹார்டு டிஸ்க் ஒன்று இருந்தது, குடும்பப் போட்டோ முழுக்க அதில். அதையும் மாட்ட வேண்டும் என்றாள். அப்போது போர்டின் கையேட்டை இறக்கிப் படிக்க வைத்தேன். இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால் 5, 6 எண் சாட்டா துளைகள் இயங்காது என்று ஒரு அடிக்குறிப்பு. பல போர்டுகளில் இப்படி உண்டு. வாங்குவதற்கு முன்பே கையேட்டைப் படித்ததில் கிடைத்த பலன் இது. கையேடு பெட்டிக்குள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, எல்லா நிறுவனமும் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஹார்டு டிஸ்கை 1ஆம் எண்ணில் மாட்டுவது என்று அன்றே முடிவு செய்தோம்.

எஸ்.எம்.பி.எஸ். ஸ்டிக்கர்

கேபினெட்டோடு வரும் எஸ்.எம்.பி.எஸ்ஸின் படத்தை அவளே தேடி எடுத்து அனுப்பினாள். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் அது. மேலே கொட்டை எழுத்தில் 500 வாட். கீழே ஒரு சின்னக் கட்டம்: +3.3 வோல்ட், +5 வோல்ட், +12 வோல்ட், ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆம்பியர் என்று. +12 வோல்ட்டுக்கு நேரே 24 ஆம்பியர்.

பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் தங்களுக்கு வேண்டிய கரண்டை 12 வோல்ட் கம்பியிலிருந்துதான் எடுக்கும். 12ஐ 24ஆல் பெருக்கினால் 288 வாட். '500' என்ற எண்ணில் நமக்குப் பயன்படுவது அவ்வளவுதான். மீதி எல்லாம் இந்தக் காலக் கம்ப்யூட்டர் அதிகம் தொடாத 3.3, 5 வோல்ட் கணக்கில் சேர்த்தது. இப்போது தேவையைப் பார்ப்போம். கார்டு 170 வாட். பிராசசர் பெட்டியில் 65 என்று போட்டிருந்தாலும் சாக்கெட் வழியே 76 வரை எடுக்கும். போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க், விசிறிகள் எல்லாம் சேர்த்து இன்னொரு 40, 50. மொத்தம் 290ஐ ஒட்டி வருகிறது. அதுவும் சராசரிக் கணக்கு. கார்டு கண்ணிமைக்கும் நேரத்துக்கு இதைவிட எகிறிக் குதிக்கும். என்விடியா 3060க்குப் பரிந்துரைப்பது 550 வாட்.

அந்த எஸ்.எம்.பி.எஸ்ஸில் கார்டுக்கு எட்டு பின் கேபிளும் கிடையாது. மோலெக்ஸ் என்ற பழைய நாலு பின் முனையிலிருந்து எட்டு பின்னுக்கு மாற்றும் ஒயர் கடையில் கிடைக்கிறதே என்றாள். வேண்டவே வேண்டாம் என்றேன். எட்டு பின் இணைப்பு 150 வாட் வரை கொண்டுபோகக் கணக்கிட்டது. மோலெக்ஸின் மெலிந்த ஒயரும் தளர்ந்த பின்னும் அந்தச் சூட்டுக்குச் செய்ததல்ல. கருகிய மோலெக்ஸ் முனைகளைப் பார்த்தவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன்.

முடிவில் 650 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் சான்று, பிராசசருக்கு 4+4 பின், கார்டுக்கு 6+2 பின் இரண்டு. 80 பிளஸ் என்பது எவ்வளவு கரண்ட் வீணாகிறது என்பதற்கான சான்றுதான், தரத்துக்கான முழு உத்தரவாதம் ஆகாது. ஆனாலும் ஸ்டிக்கரில் 12 வோல்ட் கணக்கு நேர்மையாக இருக்க, சான்றும் ஐந்தாண்டு வாரண்டியும் சேர்ந்திருந்தால் முதல் அசெம்பிளுக்குப் போதும். கழற்றி மாட்டும் கேபிள் வைத்த வகை வாங்குகிறவர்களுக்கு ஒன்று: வேறொரு எஸ்.எம்.பி.எஸ்ஸின் கேபிளை இதில் மாட்டிவிடாதீர்கள். முனை ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஹார்டு டிஸ்க் போய்விடும்.

கேபினெட் விஷயம் சுருக்கமானது. கண்ணாடி முகப்பு கேபினெட்டில் கார்டுக்கு 28 செ.மீ., கூலருக்கு 150 மி.மீ. என்று எல்லை. அவள் எழுதிய 30 செ.மீ. கார்டும் உள்ளே போகாது, 155 மி.மீ. கூலர் வைத்தால் பக்கமூடியும் மூடாது. போதாததற்கு, காற்று உள்ளே வர வழியே இல்லாத முகப்பு. திருச்சி வெயிலுக்கு அது வேண்டாமே. வலை முகப்பு வைத்த, கூலருக்கு 160 மி.மீ. இடம் உள்ள ஒன்றாக மாற்றினோம். டவர் கூலரையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம், 5600இன் பெட்டியில் கூடவே வரும் கூலர் அந்தப் பிராசசருக்குப் போதும். ஆனால் 'டிரே' என்று பெட்டியில்லாமல் விற்கும் பிராசசரில் கூலர் வராது. சில நூறு ரூபாய் மிச்சம் என்று அதை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து முழிக்கக் கூடாது.

வீட்டின் கரண்ட்

பாகங்கள் ஒன்றோடொன்று சேர்வதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். கம்ப்யூட்டர் வீட்டோடு சேருமா என்று கேட்பவர்கள் குறைவு. இந்த நிகழ்வில் எனக்கு அதிக வேலை வைத்தது இதுதான்.

வீட்டில் 600 விஏ யுபிஎஸ் ஒன்று இருந்தது. பின்னால் பார்த்தால் 360 வாட் என்று எழுதியிருந்தது. விஏ வேறு, வாட் வேறு. கம்ப்யூட்டர் முழு வேலை செய்யும்போது உள்ளே 290 வாட் என்றால், எஸ்.எம்.பி.எஸ்ஸில் வீணாவதையும் சேர்த்துச் சுவரிலிருந்து 340 வரை இழுக்கும். மானிட்டரும் சேர்ந்தால் 360 தாண்டும். ரெண்டர் ஓடும்போது கரண்ட் போனால் யுபிஎஸ் கீச்சென்று கத்திவிட்டு அதுவும் சேர்ந்து போகும். 1,100 விஏ யுபிஎஸ் வாங்கினோம். பட்ஜெட் கொஞ்சம் மீறியது, அக்கா வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டு இன்வெர்ட்டர் இருக்கும்போது யுபிஎஸ் எதற்கு என்றும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எஸ்.எம்.பி.எஸ். கரண்ட் இல்லாமல் தாக்குப்பிடிப்பது சுமார் 16 மில்லி நொடி. இன்வெர்ட்டர் அதற்குள் மாறிக்கொள்ள வேண்டும். பல வீட்டு இன்வெர்ட்டரில் பின்னால் யுபிஎஸ், நார்மல் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். நார்மலில் இருந்தால் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும், கம்ப்யூட்டர் மட்டும் அணைந்து எரியும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரானால் புதிய எஸ்.எம்.பி.எஸ்ஸோடு ஒத்துப்போவதும் சந்தேகம்.

அடுத்தது எர்த். கம்ப்யூட்டர் வைக்கப்போகும் அறையின் மூன்று பின் பிளக் பாயிண்டை மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230 சொச்சம், சரி. பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒரு நிலையான எண்ணே வரவில்லை. மேல் துளை இருக்கிறது, அதன் பின்னால் ஒயர் இல்லை.

இதனால் என்ன என்று கேட்கலாம். எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குள் கரண்ட் நுழையும் இடத்தில், இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறிய கெபாசிட்டர்கள் இருக்கும். ஒன்று பேஸிலிருந்து உலோக உடம்புக்கு, இன்னொன்று நியூட்ரலிலிருந்து அதே உடம்புக்கு. உடம்பு எர்த்தில் இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினெட் முழுவதும் 230இல் பாதி அழுத்தத்தில், 115 வோல்ட் அருகில், மிதக்கும். கசிவு மிகச் சிறியது என்பதால் ஆளைக் கொல்லாது. ஆனால் வெறுங்காலோடு தரையில் நின்று கேபினெட்டின் ஸ்க்ரூவைத் தொட்டால் விரலில் ஊசி குத்தியதுபோல் சுருக்கென்று இருக்கும். நம் ஊரில் பல வீடுகளில் 'கம்ப்யூட்டர் ஷாக் அடிக்குது, எஸ்.எம்.பி.எஸ். மாத்தணும்' என்று சொல்வதற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இதுதான். எஸ்.எம்.பி.எஸ்ஸை எத்தனை முறை மாற்றினாலும் அந்தச் சுருக்கு போகாது. மானிட்டரின் எச்டிஎம்ஐ கேபிளை ஓடும்போது மாட்டினால் இந்த அழுத்தம் கார்டின் துளையையே கெடுக்கவும் கூடும்.

வந்த எலக்ட்ரீசியன், எர்த் பின்னை நியூட்ரலோடு ஒரு சின்ன ஒயரால் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்றார். வேண்டாம் என்று நிறுத்தினேன். மேலே எங்காவது நியூட்ரல் அறுந்தால், அந்த இணைப்பு வழியே கேபினெட்டின் உடம்புக்கு முழுப் பேஸும் வந்து நிற்கும். அது ஆளைக் கொல்லும். மெயின் போர்டிலிருந்து தனியாக எர்த் ஒயர் இழுத்துக் கொடுத்தார். பேஸுக்கும் எர்த்துக்கும் இப்போது 230 சொச்சம், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு வோல்ட்டுக்குள். இதற்கான செலவு ஒரு நல்ல மவுஸ் விலைகூட இல்லை.

வாங்கியதும் மாட்டியதும்

பெரும்பகுதியைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினோம். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடை தூரம்தான். ஒரு கடையில் போர்டு இல்லை, 'அதைவிட நல்லது' என்று வேறொன்றை எடுத்து வைத்தார்கள். நல்ல போர்டுதான். ஆனால் பயாஸ் பொத்தான் இல்லை, பிராசசர் பட்டியலும் நாங்கள் பார்த்துவைத்தது இல்லை. கையில் எழுதி வைத்த தாள் இருந்ததால் அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நடந்தாள். பில் ஜிஎஸ்டியோடு, ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் அதில் இருக்கும்படி வாங்கினோம். பின்னால் வாரண்டிக்கு அந்த எண்தான் பேசும்.

மாட்டியது அவள்தான், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஏஎம்4 பிராசசரின் அடியில் 1,331 பின்கள். மூலையில் இருக்கும் தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து வைத்தால் தானாக இறங்கும், அழுத்தவே கூடாது. ரேம் இரண்டும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில். கேபினெட் ஏடிஎக்ஸ் அளவு, போர்டு அதைவிடச் சிறிய மைக்ரோ ஏடிஎக்ஸ் என்பதால் போர்டில் துளையே இல்லாத இடத்தில் ஒரு பித்தளைத் தாங்கி நீட்டிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றாமல் போர்டை வைத்திருந்தால் பின்பக்கச் சால்டரில் முட்டி ஷார்ட் ஆகியிருக்கும். கூடவே வந்த கூலர் நான்கு ஸ்க்ரூவில் நிற்கும் வகை. போர்டில் இருக்கும் பிளாஸ்டிக் பிடிகளைக் கழற்றினால் அடித்தகடு பின்னால் விழுந்துவிடும், ஒரு கை அதைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பழைய மானிட்டரில் விஜிஏ துளை மட்டும்தான். 3060இல் விஜிஏவுக்கு வழியே கிடையாது. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்றை முன்பே வாங்கி வைத்திருந்தோம். போர்டில் வைஃபையும் இல்லை, விண்டோஸ் 11 இன்ஸ்டால் ஆகும்போது இன்டர்நெட் கேட்கும். போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் கொடுத்து முடித்தோம்.

முதல் முறையே டிஸ்ப்ளே வந்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து நினைவகப் பக்கத்தைக் காட்டினேன்: வேகம் 2400. "3200னுதானே மாமா வாங்கினோம்?" பெட்டியில் இருக்கும் 3200 என்பது எக்ஸ்எம்பி வேகம் (ரேமிலேயே பதிந்து வரும் வேக அமைப்பு), அதைப் பயாஸில் போய் நாம்தான் இயக்க வேண்டும். இயக்கினோம், 3200 வந்தது. இதைச் செய்யாமலே வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் ஏராளம். கம்ப்யூட்டர் ஓடத்தான் செய்யும், கொடுத்த காசுக்கான வேகம் மட்டும் வராது.

பிளெண்டரில் ஒரு நீண்ட ரெண்டரைப் பிராசசரிலும் கார்டிலும் மாறி மாறி ஓட விட்டோம். ஏசி இல்லாத அறை, ஆடி மாத வெக்கை. பிராசசர் 80 டிகிரிக்குக் கீழேயே நின்றது, அதன் எல்லை 90. லேப்டாப்பில் இரவெல்லாம் ஓடிய அவளுடைய செமஸ்டர் மாடல், சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் முடிந்திருந்தது.

அடுத்து மாற வேண்டியது மானிட்டர், அதற்குப் பணம் சேர்க்கிறாள். அப்புறம் பிராசசர். பி550 போர்டின் பட்டியலில் 12 கோர் 5900எக்ஸ் இருக்கிறது. அது 105 வாட், பெட்டியில் கூலர் வராது. அப்போது முதல் பட்டியலில் அவள் எழுதியிருந்த அதே 155 மி.மீ. டவர் கூலரை வாங்கிக்கொள்ளலாம், இந்தக் கேபினெட்டில் 160 வரை இடம் இருக்கிறது. எஸ்.எம்.பி.எஸ்ஸை மாற்ற வேண்டாம்.